எலுமிச்சையைப் பற்றிச் சொல்லாமல் விட்டது

முப்பத்தொன்பதாவது வயதில் நான் பி.எச்.டி.க்குச் சேர்ந்தேன். அதற்கு முன் பதினொரு வருடம், நாங்கள் குடியிருக்கும் மராத்தி நகரத்தின் பாணேர் பகுதியில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் வேலை. சிறுநீர், சளி, சீழ் இவற்றில் என்ன கிருமி வளர்கிறது, அது எந்த மருந்துக்குச் சாகும் என்று பார்த்து எழுதிக் கொடுக்க வேண்டும். ரிப்போர்ட்டில் மருந்துகளின் பெயர்கள் வரிசையாக இருக்கும். எதிரே 'எஸ்' என்று இருந்தால் அந்த மருந்துக்குக் கிருமி சாகும். 'ஆர்' என்று இருந்தால் சாகாது. நான் சேர்ந்த புதிதில் ஒரு தாளில் இரண்டு மூன்று ஆர் வரும். பத்து வருடம் கழித்து, எஸ் வந்தால் பக்கத்து மேஜைக்காரியைக் கூப்பிட்டுக் காட்டுகிற அளவுக்கு ஆகியிருந்தது.

ஒரு நாள் மேலிருந்து கீழ்வரை வெறும் ஆராக ஒரு தாள் வந்தது. வாங்க வந்த மனிதர் அதை இரண்டு முறை பார்த்துவிட்டு, "எல்லாம் ஒரே மாதிரி வந்திருக்கிறதே, நல்லதுதானே?" என்று ஹிந்தியில் கேட்டார். டாக்டரிடம் காட்டுங்கள் என்றேன். அந்த மாதக் கடைசியில் வேலையை விட்டேன். பி.எச்.டி. நேர்முகத் தேர்வில் இதைச் சொன்னபோது எதிரே இருந்த மூவரும் நெகிழ்ந்து போனார்கள். வீடு இருக்கிற வாகட்டிலிருந்து பாணேர் போக தினமும் ஒரு மணி நேரம் ஆனதும் ஒரு காரணம் என்பதை அங்கே சொல்லவில்லை.

எனக்குக் கைடாக வாய்த்தவர் ஓய்வுபெற இன்னும் சில வருடங்களே இருந்த ஒரு மராத்திப் பேராசிரியை. குறைவாகப் பேசுவார். பேசுவதும் பெரும்பாலும் கேள்வியாக இருக்கும். மருந்துக்கு அடங்காத ஆஸ்பத்திரிக் கிருமிகளை சஹ்யாத்ரி மலையில் விளையும் காட்டுப் பழங்களின் சாறு ஏதாவது செய்யுமா என்று பார்ப்பது அவருடைய திட்டம். செடியால் ஓடவும் முடியாது, ஒளியவும் முடியாது. பூஞ்சையும் பாக்டீரியாவும் வந்தால் நின்ற இடத்திலேயே எதையாவது சுரந்து சமாளிக்க வேண்டும். அந்த எதையாவதில் நமக்கு உதவுவது இருக்கலாம் என்பது கணக்கு. எனக்கு முன் சேர்ந்தவர்கள் நாவலையும் நெல்லியையும் எடுத்துக்கொண்டிருந்தார்கள். மிச்சமிருந்தது களாக்காய்.

வீட்டில் சொன்னபோது என் கணவர், "களாக்காய்ல ஊறுகாய்தானே போடுவாங்க?" என்றார். ஹிஞ்சேவாடியில் சாப்ட்வேர் கம்பெனியில் இருக்கிறார். இருவருக்கும் சொந்த ஊர் பொள்ளாச்சிப் பக்கம்.

இங்கே மே மாதத்தில் மலைப் பெண்கள் கருத்த களாப்பழத்தைக் கூடையில் கொண்டுவந்து சாலையோரம் இலைத் தொன்னையில் விற்பார்கள். "டோங்கராச்சி காளி மைனா" என்று கூவுவார்கள். மலையின் கருப்பு மைனா என்று அர்த்தம். நான் ஒரு கூடை முழுவதையும் கேட்டபோது அந்த அம்மாள் நிமிர்ந்து பார்த்து, வீட்டில் எத்தனை குழந்தைகள் என்றாள். ஒன்று என்றேன். பழத்தைக் கட்டிக் கொடுத்தாள். அந்த ஒன்றின் வயிற்றை நினைத்துக் கவலைப்பட்டிருப்பாள் போலிருக்கிறது.

பழத்தை அரைத்து, ஆல்கஹாலில் ஊறவைத்து, வடிகட்டி, வற்றவைத்தால் கெட்டியான கருஞ்சிவப்புச் சாறு கிடைக்கும். பொத்தான் அளவு வட்டக் காகிதத்தை அதில் நனைத்து, கிருமியைப் பரப்பிய தட்டின்மேல் வைப்போம். மறுநாள் திறந்து பார்த்தால் தட்டு முழுவதும் கிருமி படலமாக வளர்ந்திருக்கும். காகிதத்தைச் சுற்றி மட்டும் வளராமல் ஒரு வெற்று வளையம் இருந்தால், சாறு வேலை செய்திருக்கிறது. வளையத்தின் அகலத்தை ஸ்கேல் வைத்து அளந்து எழுதுவோம்.

என் முதல் தட்டிலேயே வளையம் வந்தது. அதுவும் ஸ்டெஃபைலோகாக்கஸில். ஆஸ்பத்திரியில் அறுவை சிகிச்சைப் புண்ணில் உட்கார்ந்துகொண்டு பென்சிலின் வம்சத்து மருந்துகள் எதற்கும் அசையாத ரகம். அது என் களாச்சாற்றைக் கண்டு பதினெட்டு மில்லிமீட்டர் விலகி நின்றது. தட்டைப் படம் எடுத்துக் கணவருக்கு அனுப்பினேன். நான் அடுத்த தட்டைத் திறப்பதற்குள் அவர் அதை எங்கள் குடும்பக் குழுவிலும், அபார்ட்மெண்ட் குழுவிலும், பத்தாம் வகுப்பு நண்பர்கள் குழுவிலும் போட்டுவிட்டார். "என் மனைவி கண்டுபிடித்த மருந்து" என்று கீழே எழுதியிருந்தார். என் நாத்தனார் கோயம்புத்தூரிலிருந்து கைகூப்பிய பொம்மைகள் ஆறு அனுப்பினார். மாமனார் மட்டும், "களாக்காயா?" என்று கேட்டிருந்தார்.

ஆறு மாதம் இப்படிப் போனது. தினமும் சாயங்காலம் கணவர் கம்பெனி வண்டியிலிருந்து இறங்கும்போதே, "இன்னைக்கு எத்தனை மில்லிமீட்டர்?" என்று கேட்பார். சொல்வேன். எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு அவர் என் வேலையைப் பற்றி ஆர்வமாகக் கேட்டது அந்த ஆறு மாதம்தான்.

ஒரு நாள் கைடு என் நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இந்தச் சாறு புளிக்குமா?" என்று கேட்டார்.

"களாப்பழம் மேடம். புளிக்கும்."

"எவ்வளவு?"

அதை நான் அளக்கவில்லை. அவர் தன் கைப்பையைத் திறந்து மதியச் சாப்பாட்டுக்குக் கொண்டுவந்திருந்த எலுமிச்சம்பழத்தில் பாதியை எடுத்து என் மேஜையில் வைத்துவிட்டுப் போனார்.

மறுநாள் களாச்சாற்றுக்குப் பக்கத்தில், அதே அளவு புளிப்புக்கு நீர் கலந்த எலுமிச்சைச் சாற்றையும் வைத்தேன். அதற்கடுத்த நாள் தட்டைத் திறந்தேன். எலுமிச்சைக்கும் பதினெட்டு. களாச்சாற்றின் புளிப்பை முறித்துவிட்டு வைத்துப் பார்த்தேன். வளையமே இல்லை. காகிதத்தின் ஓரத்தைத் தொட்டுக்கொண்டு கிருமி சௌகரியமாக வளர்ந்திருந்தது. ஆறு மாதத்தில் நான் கண்டுபிடித்தது, புளிப்பில் கிருமி வளராது என்பது. ஊறுகாய் போடுகிற எல்லோருக்கும் அது தெரியும்.

அன்று சாயங்காலமும் கணவர் கேட்டார். "இன்னைக்கு எத்தனை?"

"அதே பதினெட்டுதான்" என்றேன். பொய் இல்லை. எலுமிச்சைக்கு அதுதான் வந்தது.

அதன்பின் நான் பழத்தை விட்டு இலைக்குப் போனேன். களா இலை புளிக்காது. பறித்தால் பால் வடியும், கையில் முள் குத்தும். இலைச்சாறு தனியாகக் கிருமியைப் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. ஆனால் வேலை செய்யாமல் போன பழைய மருந்தோடு சேர்த்து வைத்தால், அந்த மருந்துக்குக் கொஞ்சம் உயிர் வந்தது. மருந்தைத் தனியாக எவ்வளவு ஊற்றினாலும் அசையாத கிருமி, இலைச்சாறு கூட இருந்தால் அதைவிடக் குறைந்த அளவுக்கே திணறியது. ஏன் என்று தெரியவில்லை. கிருமி மருந்தை வெளியே தள்ளும் வழியை இலை அடைக்கிறதோ என்னவோ. இது உண்மையான விஷயம். ஆனால் படம் எடுத்து அனுப்பும்படி இருக்காது. வெறும் எண்கள். வீட்டில் கேட்டால், "போய்க்கிட்டிருக்குங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். கொஞ்ச நாளில் கேட்பதும் நின்றது.

அடுத்த வருடம் கார்த்திகையில் மாமனார் முழங்கால் மாற்றிக்கொள்ள எங்களிடம் வந்தார். மாமியார் தவறிப் பல வருடங்கள் ஆகின்றன. மாமா கால்நடை மருத்துவமனையில் முப்பத்துநாலு வருடம் கம்பவுண்டராக இருந்தவர். மாட்டுக்குச் செய்கிற எதையும் மனிதனுக்கும் செய்யலாம், எடையைப் பார்த்து அளவைக் குறைத்துக்கொண்டால் போதும் என்பது அவர் கட்சி. அறுவை சிகிச்சைக்கு முந்தின நாள் வார்டில் சர்ஜனிடம், அவர் எந்த ஊசியால் எத்தனை தையல் போடுவார் என்று என்னை மொழிபெயர்க்கச் சொல்லிக் கேட்டார். பதிலைக் கேட்டுத் தலையாட்டினார். பிறகு என்னிடம், "எருமைக்கு நாங்க இதைவிட நெருக்கமாப் போடுவோம்னு சொல்லு அம்மிணி" என்றார். நான் அதை மொழிபெயர்க்கவில்லை.

ஆபரேஷன் நன்றாக நடந்தது. வீட்டுக்கு வந்து பத்து நாளில் தையல் போட்ட இடம் சிவந்து, சூடேறி, ஒரு மூலையில் சீழ் வைத்தது. திரும்பச் சேர்த்தோம். மூட்டுக்குள் போகவில்லை, தோலுக்கும் சதைக்கும் நடுவில்தான் நிற்கிறது என்று சர்ஜன் சொன்னார். திறந்து கழுவிவிட்டு, கட்டுப் போட்டு, சீழைச் சோதனைக்கு அனுப்பினார்கள்.

மூன்றாம் நாள் ரிப்போர்ட் வந்தது. நான் பதினொரு வருடம் எழுதிக் கொடுத்த தாள் அது. இந்த முறை கவுண்டருக்கு வெளிப்பக்கம் நின்று கை நீட்டி வாங்கினேன். ஸ்டெஃபைலோகாக்கஸ். என் தட்டில் இருக்கிற அதே ரகம். அலுவலகத்தில் தினமும் பார்க்கிறவரை உறவுக்காரர் வீட்டு விசேஷத்தில் பார்த்தது போல இருந்தது. மேலே வரிசையாக ஆர். கீழே இரண்டு மூன்று எஸ். அந்தக் கீழே இருந்ததில் ஒன்றை, வான்கோமைசினை, நரம்பில் சொட்டுச் சொட்டாக ஏற்ற ஆரம்பித்தார்கள். தாளை மடித்துப் பையில் வைத்தேன்.

கணவருக்குக் கிருமியின் பெயரைச் சொல்லியிருக்கக் கூடாது. சொல்லிவிட்டேன்.

"இது நீ கொல்ற கிருமிதானே?"

"அது தட்டுலங்க."

"தட்டுலயோ எங்கயோ, சாகுதுல்ல?"

"இந்த மருந்தே கேக்கும். டாக்டர் பாத்துக்குவாங்க."

நான் அப்போதாவது எலுமிச்சையைப் பற்றிச் சொல்லியிருக்கலாம். ஆஸ்பத்திரி கான்டீனில் வடாபாவைக் கையில் வைத்துக்கொண்டு கண் கலங்கி நிற்கிற மனிதரிடம், நான் ஆறு மாதம் அளந்தது வெறும் புளிப்பு என்று சொல்ல வாய் வரவில்லை. இரக்கம் என்று அப்போது நினைத்துக்கொண்டேன். வெட்கம்தான்.

மறுநாள் வார்டுக்குப் போனபோது மாமா கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். என் கணவர் எல்லாம் சொல்லியிருந்தார்.

"ஏனம்மிணி, உன்ற மருந்துக்கு அடங்கற கிருமிதானாமா இது?"

"மாமா, அது இன்னும் மருந்து இல்லீங்க. ஆராய்ச்சி."

"ஆராய்ச்சின்னா? சாவுதா இல்லியா?"

"தட்டுல ஒண்ணு நடக்கும், ஒடம்புல ஒண்ணு நடக்குங்க. ஒடம்புக்குள்ள அதைக் குடுத்து யாரும் பாத்ததில்லை. உங்களுக்குக் குடுத்து ஏதாச்சும் ஆச்சுன்னா?"

"எனக்கு எழுபத்தஞ்சு ஆச்சு. இனி என்னாவப் போவுது? நான் கையெழுத்துப் போட்டுத் தாரேன்."

"முடியாதுங்க மாமா."

அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அன்று மாலை நாத்தனார் போன் செய்தார். எப்போதும் போல, சாப்பிட்டீங்களா என்றுதான் ஆரம்பித்தார். பிறகு, "ஊர்ல இருக்கறவங்களுக்கெல்லாம் மருந்து கண்டுபுடிக்கறீங்க, வீட்டுப் பெரியவருக்கு மட்டும் இல்லீங்களா அண்ணி?" என்றார். அதற்கு என்னிடம் ஒரு பதில் இருந்தது. அந்தப் பதிலும் கைடு வைத்துவிட்டுப் போன பாதி எலுமிச்சம்பழம்தான். அதைச் சொல்லவில்லை.

இரண்டு நாள் கழித்து, காலை பதினோரு மணிக்கு, நான் லேபில் இருந்தபோது வார்டிலிருந்து அழைப்பு. மாமாவின் கட்டில் பொறுப்பில் இருந்த மலையாளி நர்ஸ். அவர் குரலில் எப்போதும் இருக்கும் நிதானம் இல்லை. "சேச்சி, வேகம் வரணும். அப்பாவுக்கு பிளீடிங்" என்றார்.

ஆட்டோ பிடித்துப் போனேன். வழி முழுவதும் சிக்னல். போய்ச் சேர்ந்தபோது வார்டு வாசலில் சர்ஜனும், அவருடைய ஜூனியரும், அந்த நர்ஸும் நின்றிருந்தார்கள். யாரும் ஓடவில்லை. ரத்தம் போகிற நோயாளியின் அறை வாசலில் யாரும் ஓடாமல் நிற்பதைப் பார்த்ததும், எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்தேன்.

நர்ஸ் என் கையைப் பிடித்தார். "சேச்சி, பிளட் இல்லா. நான் பேடிச்சு, பயந்து போயி. கட்டு முழுவனும் சிவப்பு. பின்னே மணம் வந்து. இது ஜூஸாணு."

களா சர்பத். கொங்கணப் பொருட்கள் விற்கிற கடைகளில் பாட்டிலில் கிடைக்கும். மாமா அதை, வாய்க் கசப்புக்கு வேண்டும் என்று மகனிடம் கேட்டு வாங்கியிருக்கிறார். கணவரும் குடிக்கத்தான் கேட்கிறார் என்று நம்பி வாங்கிக் கொடுத்திருக்கிறார். நர்ஸ் பக்கத்துக் கட்டிலுக்குப் போன நேரத்தில், மாமா முப்பத்துநாலு வருட அனுபவத்தோடு கட்டின் ஓரத்தைப் பிரித்து, பஞ்சை நனைத்து, புண்ணின்மேல் வைத்துப் பழையபடியே கட்டியிருக்கிறார். பிரித்த கட்டை இவ்வளவு சுத்தமாகத் திரும்பக் கட்டிய நோயாளியைத் தான் பார்த்ததில்லை என்று ஜூனியர் டாக்டர் சொன்னார். பாட்டிலில் பாதிக்கு மேல் சர்க்கரைப் பாகு.

சர்ஜன் என்னைத் தன் அறைக்கு அழைத்துப் போய் உட்காரச் சொன்னார். ஆங்கிலத்தில், கோபமே இல்லாமல் கேட்டார். "உங்கள் மாமனார் இது உங்களுடைய மருந்து என்கிறார். என் நோயாளியிடம் நீங்கள் ஏதாவது பரிசோதனை நடத்துகிறீர்களா?"

"இல்லை டாக்டர்."

"அப்படியானால் இது வேலை செய்யும் என்று அவருக்கு யார் சொன்னது?"

நான் என்று சொல்ல வேண்டியிருந்தது. பழச்சாறு, பதினெட்டு மில்லிமீட்டர், எலுமிச்சை, எல்லாவற்றையும் சொன்னேன். வீட்டில் பாதியை மட்டும் சொன்னதையும் சொன்னேன். என் கைடுக்கு அடுத்து அந்த முழுக்கதையைக் கேட்ட முதல் ஆள் அவர்தான். கேட்டு முடித்து, "எலுமிச்சைக்கும் அதே அளவா?" என்றார். ஆமாம் என்றேன். முதல் முறையாக அவர் வாய் ஓரம் லேசாக அசைந்தது. பிறகு, இன்று மறுபடி திறந்து கழுவ வேண்டும், கையெழுத்துப் போடுங்கள் என்று தாளை நகர்த்தினார்.

கழுவி முடித்து மாமாவை வார்டுக்குக் கொண்டுவந்தபோது மணி நாலு. மயக்கம் தெளிந்திருந்தது. கணவர் இன்னும் வந்து சேரவில்லை. எனக்கு அவர்மேலும் கோபம், இவர்மேலும் கோபம். ஸ்டூலை இழுத்துப்போட்டுக் கட்டிலருகே உட்கார்ந்தேன்.

"அது என்ற மருந்து இல்லீங்க மாமா."

"களாக்காய்தானே?"

"களாக்காய்ல ஒண்ணுமே இல்லைங்க. புளிப்புல செத்துது. எலுமிச்சம்பழம் வெச்சாலும் அதே மாதிரி சாவுது. ஒரு வருசமாச்சு எனக்குத் தெரிஞ்சு. உங்க யார்கிட்டயும் சொல்லலை."

திட்டுவார் என்று காத்திருந்தேன்.

"அப்ப அந்தப் படத்துல இருந்த ரவுண்டு?"

"எலுமிச்சம்பழ ரவுண்டுங்க."

"நான் அதை நூறு பேர்கிட்டக் காட்டியிருக்கறேன்" என்றார். "டீக்கடையில, பால் சொசைட்டியில. என்ற மருமக கண்டுபுடிச்சதுன்னு."

குழுவில் ஒற்றைக் கேள்விக்குறியோடு நிறுத்திக்கொண்ட மனிதர் அதை ஊர் முழுக்கக் காட்டியிருப்பார் என்று எனக்குத் தெரியாது. அழுகை வந்தது. ஆஸ்பத்திரியில் யார் அழுதாலும் தண்ணீர் கொடுக்கிற பழக்கம் அந்த நர்ஸுக்கு. எனக்கும் ஒரு டம்ளர் வந்தது.

நான் குடித்து முடித்ததும் மாமா டம்ளரை வாங்கி ஓரமாக வைத்தார். பிறகு அவராகவே ஆரம்பித்தார். மாட்டுக்கு மடிநோய் வந்தால் பென்சிலின் டியூப்பை மடிக்காம்பில் ஏற்ற வேண்டும். விடாமல் சில நாள் ஏற்றினால்தான் சரியாகும். ஆனால் ஆஸ்பத்திரிக்கு வருகிற டியூப் எப்போதும் பத்தாது. வரிசையில் இருபது மாடு நிற்கும். ஒரு மாட்டுக்கு ஒரு வேளை, அடுத்ததற்கு ஒரு வேளை என்று பிரித்துவிடுவார். வீக்கம் வடிந்தால் ஓட்டிக்கொண்டு போய்விடுவார்கள். மிச்சம் இருக்கிற மாத்திரைகளை, காய்ச்சல் என்று வீட்டுக்கு வருகிற மனிதர்களுக்கும் ரெண்டு ரெண்டாகக் கொடுத்திருக்கிறார்.

"எல்லாரும் கும்புட்டுட்டுப் போனாங்க. ஒருத்தருக்கும் முழுசாக் குடுத்ததில்லை" என்றார். "தப்புன்னு எழுதித்தான் இருந்துச்சு டப்பாவுல. இருபது மாட்டைப் பாத்துட்டு டப்பாவைப் படிக்க முடியுமா, நீயே சொல்லு."

அரைகுறை மருந்தில் சாகாமல் தப்பிய கிருமி அடுத்த முறை அந்த மருந்துக்கு அடங்காது; ஆர் இப்படித்தான் உருவாகிறது. அந்தத் தாளில் இருந்த ஆர்களில் ஒன்றுகூட பொள்ளாச்சியிலிருந்து வந்ததாக நிரூபிக்க முடியாது. வரவில்லை என்றும் நிரூபிக்க முடியாது. அவருக்கும் அது தெரிந்திருந்தது.

கணவர் வந்ததும் எலுமிச்சைக் கதையை மூன்றாவது முறையாகச் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு, "என்கிட்டயாச்சும் சொல்லியிருக்கலாம்" என்றார். அதைச் சொல்ல அவருக்கு உரிமை இருந்தது. அன்றே எல்லாக் குழுக்களிலும் திருத்தம் எழுதிப் போட்டார். முதல் செய்திக்கு எழுபது பேர் பதில் போட்டிருந்தார்கள். திருத்தத்துக்கு ஒருவர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். அபார்ட்மெண்ட் செயலாளர். அவர் தண்ணீர் லாரி பற்றிய செய்திக்கும் அதையேதான் போடுவார்.

மாமா ஆஸ்பத்திரியில் மூன்று வாரம் இருந்தார். வான்கோமைசின் வேலை செய்தது. சர்பத்தால் கூடுதல் கெடுதல் ஒன்றும் ஆகவில்லை, ஆனால் கூடுதலாக ஒரு முறை திறந்து கழுவியதில் தழும்பு கோணலாகிவிட்டது. முழங்காலைத் தடவிப் பார்த்து, எருமையாக இருந்தால் முடி மறைத்திருக்கும் என்றார். வீட்டுக்கு வந்தபின் மாத்திரைகளைத் தீரும் நாள்வரை அட்டையில் தேதி எழுதி ஒட்டிச் சாப்பிட்டார். அதில் அவர் என்னை நம்பவில்லை, தானே எண்ணினார்.

ஊருக்குக் கிளம்புவதற்கு முன் ஒரு நாள் சாப்பாட்டு மேஜையில், "என்ற கிருமி அந்த ஆஸ்பத்திரியில இருக்குமா?" என்று கேட்டார்.

"இருக்குங்க. ஃபிரீசர்ல வெச்சிருப்பாங்க."

"அப்ப அதை வெச்சு உன்ற இலையைப் பாரு."

அது அவ்வளவு சுலபமில்லை. நோயாளியின் கிருமியை ஆராய்ச்சிக்கு எடுக்க அவர் சம்மதம் வேண்டும், ஆஸ்பத்திரியின் நெறிமுறைக் குழு ஒப்ப வேண்டும், எங்கள் கல்லூரிக் குழுவும் ஒப்ப வேண்டும். நோயாளி ஆராய்ச்சியாளரின் மாமனார் என்பதால் கைடே வந்து, நான் அறையில் இல்லாதபோது அவரிடம் தனியாகச் சம்மதம் வாங்கினார். கைடுக்குத் தமிழ் தெரியாது, மாமாவுக்கு ஹிந்தி தெரியாது. எங்கள் பக்கத்து ஃபிளாட்டில் இருக்கும், இரண்டும் தெரிந்த வங்கி அதிகாரி நடுவில் உட்கார்ந்து மொழிபெயர்த்தார். வெளியே வந்த கைடு என்னிடம், "அவர் என்னை ஏதோ கேட்டார், உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் மொழிபெயர்க்க மறுத்துவிட்டார்" என்றார். எருமையைப் பற்றித்தான் இருக்கும் என்று ஊகித்தேன்.

குழுக்கள் ஒப்புவதற்குள் மாமா ஊருக்குப் போய் மூன்று மாதம் ஆகிவிட்டது. கிருமி சிறிய குப்பியில் ஐஸ் டப்பாவில் வந்தது. பெயர் கிடையாது, எண் மட்டும். ஏழு. ஆனால் அது யாருடையது என்று எனக்கும் கைடுக்கும் தெரியும் என்பதால், அந்த எண் எந்தத் தட்டில் இருக்கிறது என்று எனக்குச் சொல்லாமல் வேறொரு மாணவியை அளக்கவைத்தார் கைடு. எல்லாத் தட்டும் அளந்து, எழுதி, கையெழுத்துப் போட்டு முடித்தபிறகுதான், எந்தத் தட்டு எது என்று எழுதி ஒட்டிவைத்திருந்த உறையைப் பிரித்தார்.

மற்றக் கிருமிகளில் இலைச்சாறு பழைய மருந்துக்கு நன்றாகவே கைகொடுத்திருந்தது. ஏழாம் எண்ணில் கொஞ்சமாகத்தான். கிருமி அடங்கத் தேவையான மருந்தின் அளவு குறைந்தது, ஆனால் பாதிக்குப் பாதி கூட இல்லை. இலைச்சாற்றின் அளவுக்குப் புளிப்பைக் குறைத்த எலுமிச்சை எந்தத் தட்டிலும் வேலை செய்யவில்லை. இந்த முறை அதை முதல் நாளே வைத்திருந்தேன்.

மாமாவுக்குப் போன் போட்டு முழுவதையும் சொன்னேன். வேலை செய்ததையும், செய்யாததையும், ஏன் என்று எனக்குத் தெரியாததையும். இது மருந்தாக வருமா என்றால் தெரியாது, வந்தாலும் என் ஆயுளில் வருமா என்பது தெரியாது என்றும் சொன்னேன்.

"மத்ததெல்லாம் அடங்குச்சு, என்றது மட்டும் லேசுல படியலையா?"

"ஆமாங்க மாமா."

"அது அப்படித்தான் இருக்கும்" என்றார். குரலில் வருத்தம் தெரியவில்லை. வேறு ஏதோ இருந்தது. பெருமை என்று சொன்னால் ஆராய்ச்சியாளராக எனக்கு அழகில்லை.

பேச வேண்டியது முடிந்ததும் சட்டென்று ஃபோனை வைத்துவிடுபவர் அவர். அன்று வைக்காமல் இன்னொன்று சொன்னார். முந்தின நாள் பக்கத்துத் தோட்டத்துக்காரர் சளி என்று வந்து, பழைய வழக்கப்படி ரெண்டு மாத்திரை கேட்டிருக்கிறார். மாமா கொடுக்கவில்லை. டாக்டரைப் பார், எழுதினால் முழுசாகச் சாப்பிடு, எழுதாவிட்டால் வெந்நீர் குடி என்று, தன் முழங்காலைக் காட்டிக் கால் மணி நேரம் பேசியிருக்கிறார்.

"கேட்டாருங்களா?" என்றேன்.

"எங்கே? பெருசு கிறுக்குப் புடிச்சுப் போச்சுன்னு சொல்லிட்டு, மெடிக்கல் கடையில ரெண்டு வாங்கிப் போட்டுக்கிட்டுப் போயிட்டான்" என்றார்.